லைக் போடுகிறவர் மனு கொடுக்க வருவாரா?

திருநெல்வேலி ஜல்லிக்கட்டு ஊர் இல்லை. அலங்காநல்லூரும் பாலமேடும் மதுரைப் பக்கம். சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி என்று வடக்கே போகப் போகத்தான் வாடிவாசல் கண்ணில் படும். தாமிரபரணிக் கரையில் மாடு என்றால் உழவும் பாலும்தான். அப்படியிருந்தும் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் மாணவர்கள் குவிந்தார்கள். ஒரு காளையின் திமிலைக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்திராத பிள்ளைகள்தான் அதில் பாதிக்கு மேல் இருந்திருப்பார்கள். எந்தக் கட்சியின் வட்டச் செயலாளரும் வேன் அனுப்பி அவர்களைக் கூட்டி வரவில்லை. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் கூட்டின.

இணையத்தில் சேர்கிற கூட்டம் நிஜ அரசியலை அசைக்குமா என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் இந்த ஜனவரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உதாரணம் சரிதான். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது 2014 மே 7-ல். 2015 பொங்கலும் 2016 பொங்கலும் காளை இறங்காமலேயே போயின. அப்போதும் கோபம் இருந்தது, ஃபேஸ்புக்கும் இருந்தது. 2017-க்கு முன்னால் மாறியது வேறு. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த பையன் கையில் இலவச இணையம் வந்து சேர்ந்தது. அந்தச் சலுகை 2017 மார்ச் 31 வரை நீடித்தது. மெரினாவில் எடுத்த வீடியோ வள்ளியூரிலும் அம்பாசமுத்திரத்திலும் காசில்லாமல் ஓடிய மாதம் அது. அதோடு நவம்பரில் பணமதிப்பிழப்பு, டிசம்பரில் ஜெயலலிதா மரணம், பொய்த்துப்போன வடகிழக்குப் பருவமழை. ஊரெல்லாம் மனக்குறை நிரம்பிக் கிடந்தது. காளை ஒரு காரணமாக அமைந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் எந்தப் பெரிய கட்சியும் நிற்கவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே பக்கம். எதிரே இருந்தது ஒரு தீர்ப்பும் பீட்டா போன்ற விலங்குநல அமைப்புகளும்தான். அதனால் ஜனவரி 21-ல் அவசரச் சட்டம், 23-ல் சட்டமன்றத்தில் மசோதா என்று வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. பாதி திறந்திருந்த கதவை இணையக் கூட்டம் தள்ளித் திறந்தது என்று சொல்லலாம். பூட்டிய கதவு என்றால் என்ன ஆகும் என்பதற்கும் நெல்லை மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

இடிந்தகரை. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011 ஆகஸ்டில் லூர்து மாதா கோவில் முன்பந்தலில் உண்ணாவிரதம் தொடங்கியபோது, அந்த மக்களில் பெரும்பாலோரிடம் இணையம் உள்ள போன் கிடையாது. ஆளைக் கூட்டியது கோவில் மணி. கூட்டத்தை நிறுத்தி வைத்தது ஊர்க் கமிட்டி. பெண்கள் பந்தலில் உட்கார்ந்துகொண்டே பீடி சுற்றினார்கள். மீனவர்கள் கடலுக்குப் போகாமல் ஒரு நாள் வருமானத்தை விட்டார்கள். இணையம் இருந்தது வெளியே. சென்னை, பெங்களூர், வெளிநாடு என்று ஆதரவாளர்கள் மின்னஞ்சலிலும் ஃபேஸ்புக்கிலும் செய்தியைக் கொண்டுபோனார்கள். போராட்டம் உலகத்துக்குத் தெரிந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் பாய்ந்தபோதும், 2012 செப்டம்பர் 10-ல் கடற்கரையில் போலீஸ் புகுந்தபோதும் உடம்பால் நின்றது ஊர் மட்டும்தான்.

அந்தப் போராட்டம் ஜெயிக்கவில்லை. மாநில அமைச்சரவை 2012 மார்ச்சில் பச்சைக்கொடி காட்டியது, உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் அனுமதித்தது, அதே ஆண்டு முதல் உலை ஓடத் தொடங்கியது. ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார் 2014 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரியில் நின்று தோற்றார். அவருக்கு இணையத்தில் கிடைத்த ஆதரவுக்கும் பெட்டியில் விழுந்த வாக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஏனென்றால் ஆதரித்தவர்களில் பலருக்கு அந்தத் தொகுதியில் வாக்கே கிடையாது.

ஆக, ஒரு வாரத்தில் ஜெயித்த கூட்டம் ஒன்று, வருஷக்கணக்கில் நின்றும் தோற்ற கூட்டம் ஒன்று. இணையத்தின் பலத்தை வெற்றி தோல்வியை வைத்து அளந்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். வெற்றி தோல்வி எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இணையம் என்ன செய்தது என்று பார்க்க வேறு அளவுகோல் வேண்டும்: யார் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள், எத்தனை நாள் நின்றார்கள், எந்த உறவை நம்பி வந்தார்கள்?

இதற்கு நெல்லைக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வு நன்றாக உதவுகிறது. 2010 நவம்பர் 2-ல் அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல். அன்றைக்கு ஃபேஸ்புக் சுமார் 6.1 கோடிப் பயனர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. பெரும்பாலானவர்களுக்கு ‘இன்று தேர்தல் நாள்’ என்ற செய்தியோடு, ஏற்கெனவே வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகங்களும் காட்டப்பட்டன. ஒரு சிறு பிரிவுக்கு முகம் இல்லாமல் செய்தி மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு அரசு வாக்காளர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செய்தியை மட்டும் பார்த்தவர்களுக்கும் ஒன்றுமே பார்க்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. முகம் பார்த்தவர்களில் கொஞ்சம் பேர் கூடுதலாக வாக்களித்திருந்தார்கள். ஒட்டுமொத்தமாக 3,40,000 வாக்குகள் கூடியிருக்கும் என்று 2012-ல் வெளியான ஆய்வறிக்கை மதிப்பிட்டது. அதிலும் பெரும்பங்கு நேரடியாக வந்ததில்லை. நெருங்கிய நண்பன் போனதைப் பார்த்துப் போனவர்களால் வந்தது. சதவீதக் கணக்கில் ஒரு புள்ளிகூடத் தேறாது. ஆனால் கூட்டல் எந்த வழியாக வந்தது என்பதுதான் முக்கியம்: முகம் தெரிந்தவன் வழியாக.

2020 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் இன்னொரு சோதனை. பணம் கொடுத்து ஆறு வாரம் ஃபேஸ்புக் கணக்கை மூட வைத்தார்கள். அரசியல் பங்கேற்பு குறைந்தது. குறைந்தது எது என்று பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இணையத்துக்குள்ளேயே செய்கிற அரசியல். கையெழுத்து மனு, கருத்துப் பதிவு, அந்த மாதிரி.

சரி, இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம்.

நெல்லைச் சீமையில் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் அது தொடங்கியதே கோவில் கொடை விழாவுக்காகத்தான். சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ கொடை என்றால் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, பிரிக்க வேண்டும். தலைக்கட்டுகளோ சென்னையில் மளிகைக் கடையிலும், மும்பை தாராவியிலும், திருப்பூர் பனியன் கம்பெனியிலும், துபாயிலும் இருக்கின்றன. குழுவில் ஜிபே நம்பர் போட்டால் ராத்திரிக்குள் பணம் சேர்ந்துவிடும். வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, கணியான் கூத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு என்று கணக்கும் அதிலேயே வரும். ஒரு ரூபாய் இடித்தாலும் கேள்வி கேட்பார்கள். இவ்வளவு ஒழுங்கான பொதுக்கணக்கைப் பல ஊராட்சி அலுவலகங்களில்கூடப் பார்க்க முடியாது.

அதே குழுவில் குடிதண்ணீர்ப் பிரச்சினை வந்தால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். “அண்ணாச்சி, மூணு நாளா தெற்குத் தெருவுக்குத் தண்ணி வரல. நாளைக்கு யூனியன் ஆபீசுக்குப் போவமா?” என்று ஒருத்தர் போடுவார். கட்டைவிரலும் கைகூப்பும் வரிசையாக விழும். துபாயில் இருக்கும் தம்பி மனுவைத் தட்டச்சு செய்து பி.டி.எஃப்.-ஆகவே அனுப்பிவிடுவார். “போயிட்டு ரசீதை போட்டோ எடுத்துப் போடுங்க மாமா” என்று ஒரு குரல் தென்காசியிலிருந்து. காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் நாலைந்து பேர்தான். அதுவும் எப்போதும் வருகிற அதே நாலைந்து பேர்.

இதைப் பார்த்துவிட்டு இணையக் குழு வீண் என்று முடிவு கட்டினால் பாதிக் கதைதான் தெரியும். தண்ணீருக்காக உண்மையில் அலைவது பெண்கள். அந்தக் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டு ஆண்களின் நம்பர்தான் இருக்கும். பெண்களுக்குச் செய்தி போவது மகளிர் சுயஉதவிக் குழு வழியாக, நூறு நாள் வேலைத்தளம் வழியாக. அவர்கள் மனு எழுதிக் காத்திருப்பதில்லை. நாலாவது நாள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் நிற்கும். பஸ்ஸில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வீடியோ எடுப்பார்கள். இந்த இடத்தில்தான் குழுவுக்கு வேலை வருகிறது. அந்த வீடியோ அரை மணி நேரத்தில் துபாய் போய், அங்கிருந்து கலெக்டரின் எக்ஸ் பக்கத்துக்குப் போய், உள்ளூர் டிவி நிருபர் கைக்கும் வந்துவிடும். மதியத்துக்குள் வட்டார வளர்ச்சி அலுவலர், பி.டி.ஓ., வந்து பேச்சுவார்த்தை நடத்துவார். முதலில் குடம், அப்புறம்தான் வீடியோ. குடம் இல்லாமல் வீடியோ மட்டும் போனால் பி.டி.ஓ. வரமாட்டார், வீடியோ இல்லாமல் குடம் மட்டும் உட்கார்ந்தால் வர ரெண்டு நாள் ஆகும்.

ஒரு நாள் ஆத்திரத்தை ஒரு மாதப் பழக்கமாக மாற்றுவதற்குத்தான் சங்கம் வேண்டியிருக்கிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் பின்வாலாக வந்த தாமிரபரணித் தண்ணீர்ப் பிரச்சினை இதைத் துல்லியமாகக் காட்டியது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைக்கு ஆயிரம் லிட்டர் ஆற்றுத் தண்ணீர் 37 ரூபாய் 50 காசுக்குப் போகிறது என்ற செய்தி இணையத்தில் பரவியது. இது புதிய விஷயமே இல்லை. அந்த ஆலைக்கு எதிராக 2005-லேயே போராட்டம் நடந்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடையும் போட்டிருந்தது. ஆனால் ஜனவரி மைதானங்களில்தான் ‘பெப்சி, கோக் குடிக்க மாட்டோம்’ என்ற பேச்சு மாநிலம் முழுக்க ஏறியது. அதைக் கடை அலமாரி வரை கொண்டுபோனது வணிகர் சங்கங்கள். மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று அறிவித்தார்கள். பல கடைகளில் நம்மூர்க் குளிர்பானம் பொவண்டோ முன்வரிசைக்கு வந்தது. அறிவிப்பு அமலுக்கு வந்த மறுநாள், மார்ச் 2-ல், நீதிமன்றம் பொதுநல வழக்குகளைத் தள்ளுபடி செய்து தடையையும் நீக்கிவிட்டது. கொஞ்ச நாளில் அந்தப் பாட்டில்கள் பழைய இடத்துக்கே திரும்பின. கோடைக்காலத்தில் குளிர்பானம் கேட்டு வருகிற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப எந்தக் கடைக்காரராலும் ரொம்ப நாள் முடியாது. ஜனவரியில் மைதானத்தில் நின்றவர்களில் எத்தனை பேர் ஏப்ரலிலும் கடையில் வேறு பானம் கேட்டு வாங்கினார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

இணையம் இல்லாத காலத்திலும் இந்த ஊர் கொதித்திருக்கிறது. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாளே திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன, நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். செய்தி ஒரே நாளில் பரவ முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய வாரங்களில் நடந்த கூட்டங்களும் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தமும். மனிதர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்.

அதிகாரத்தை வேறு விதத்தில் இணையம் சுடவும் செய்யும். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். 2017 அக்டோபர் 23 அப்படி ஒரு திங்கள். கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பலன் இல்லாமல் போன ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு குழந்தைகள் உட்பட, அந்த வளாகத்தில் தீயில் இறந்தது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அந்தப் படங்கள் போன்களில் பரவின. கார்ட்டூனிஸ்ட் பாலா முதலமைச்சரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் சாடிக் கேலிச்சித்திரம் வரைந்து ஃபேஸ்புக்கில் போட்டார். நவம்பர் 5-ல் நெல்லை போலீஸ் சென்னைக்கே போய் அவரைக் கைது செய்தது. மறுநாள் ஜாமீன் கிடைத்தது. பின்னாளில் உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. கைதுக்கு முன் அந்தச் சித்திரத்தைப் பார்த்தவர்களைவிடக் கைதுக்குப் பின் பார்த்தவர்கள் பல மடங்கு. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு குறைதீர்க்கும் நாளில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் என்ன? வாசலில் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். மனுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க இன்றைக்கும் அடுத்த திங்கள் திரும்பத்தான் வர வேண்டும்.

முகம் தெரிந்தவன் வழியாகத்தான் ஆள் அசைவான் என்றால், நெல்லையில் முகம் தெரிந்தவன் யார்? பெரும்பாலும் சொந்த சாதிக்காரன். இதை மழுப்பிச் சொல்வதில் அர்த்தமில்லை. ஊர்க் குழுவுக்கு அடுத்து எல்லோர் போனிலும் இருப்பது சமுதாயக் குழு. தலைவர் பிறந்தநாள் பாட்டு, குருபூஜை ஊர்வல வீடியோ, அரிவாளோடு ரீல்ஸ். சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறம் ஸ்டேட்டஸிலும் இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் வண்ணக் கயிறு, நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடுக்கச் சொன்னது. பள்ளி வாசலில் கயிற்றை அறுத்துவிடலாம். போனுக்குள் இருக்கும் கயிற்றை எந்த வாத்தியார் அறுப்பார்? அரசியல் பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நல்லதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஒரு பதினாறு வயதுப் பையன் சமுதாயக் கூட்டத்துக்கு வேனில் ஏறிப் போவதும் பங்கேற்புதான். அதை மற்ற எதையும்விட நன்றாகக் கூட்டித் தருவது இந்தக் குழுக்கள்தான். தண்ணீருக்கு வராத இருபது பேர் ஒரு போஸ்டர் கிழிந்ததற்கு ராத்திரியோடு ராத்திரியாக வந்து நிற்பதை இந்தப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு.

மறுபக்கமும் உண்டு. 2025 ஜூலை 27-ல் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் காதலின் பேரில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்தக் குடும்பம் உடலை வாங்க மறுத்து நாட்கணக்கில் நின்றது. இணையத்தில் அது தனியாக நிற்கவில்லை. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் என்ற பழைய கோரிக்கை மறுபடி சட்டமன்றம் வரை போனது. அக்டோபரில் அரசு ஓர் ஆணையத்தை அறிவித்தது. அந்த ஆணையமும் பல வருஷமாகக் களத்தில் நிற்கிற அமைப்புகள் கேட்டுக் கேட்டு வந்ததுதான். இணையம் கடைசி அழுத்தத்தைக் கொடுத்தது.

வேலை சீக்கிரம் முடிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊசியும் நோயாளிச் சீட்டுமாகப் படங்கள் வெளியாயின. சீட்டில் ஆஸ்பத்திரி பெயரே இருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அள்ளச் சொன்னது. கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. தெளிவான ஆதாரம், கேட்க ஒரு தீர்ப்பாயம், எதிரே பக்கத்து மாநிலம். மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

தேர்தல் கணக்கு வேறு மாதிரி. எல்லாக் கட்சிக்கும் ஐ.டி. விங் இருக்கிறது, பூத் வாரியாக வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு 2019-ல் 72.47 சதவீதம், 2024-ல் 69.72. இரண்டு தேர்தலிலும் நெல்லைத் தொகுதி மாநிலச் சராசரிக்குக் கீழேதான். இடையில் போன் குறையவில்லை. வெளியூரில் இருக்கும் வாக்காளரை ஊருக்குக் கொண்டுவர குழுவில் வரும் பேனரால் முடியவில்லை, கொடையால் முடிகிறது.

எனக்கு அதிகம் உறுத்துவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. வரவு செலவைக் கேட்கவும் தீர்மானம் போடவும் சட்டமே கொடுத்திருக்கும் இடம். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தபட்ச வருகை 200 பேர். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேரைச் சேர்க்கலாம். பல ஊர்க் குழுக்கள் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. ஆனால் கிராம சபை அன்று மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைப் பெண்கள்தான், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டும் அவர்களுடையதே. சில ஊர்களில் இப்போது யாராவது ஒரு பையன் கூட்டத்தை ஃபேஸ்புக்கில் நேரலை போடுகிறான். வெளியூரில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “அந்த ரோடு பில்லைக் கேளுங்க அக்கா” என்று கமெண்டில் எழுதுகிறார்கள். பையன் அதை வாசித்துக் காட்டுகிறான். முன்வரிசையில் இருக்கிற அக்கா எழுந்து கேட்கிறார். ஊராட்சிச் செயலர் ஃபைலைப் புரட்டத் தொடங்குகிறார்.